தங்கம் நீளாது

நகை வேலை செய்கிறவர்கள் மேல் ஸ்டேஷனுக்கு வருகிற புகாரெல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். கொடுத்த தங்கம் குறைந்துவிட்டது, கல் மாறிவிட்டது, செம்பைக் கலந்துவிட்டார்கள். என் மேல் வந்திருக்கிற புகார், தங்கம் கூடிவிட்டது என்பது. எழுதிக்கொண்டிருந்த ஏட்டையா பேனாவை நிறுத்திவிட்டு, "கூடிடுச்சா? அப்புறம் உங்களுக்கு என்னாங்க கஷ்டம்?" என்று புகார் கொடுத்த பூவரசனைக் கேட்டாராம். நியாயமான கேள்வி. பூவரசன் நகையை எடுத்து மேஜை மேல் வைத்தாராம். நல்ல மனிதர்தான், மீன் வறுக்கத் தெரிந்த அளவுக்குப் பேசத் தெரியாது.

நீங்கள் பொறுமையாகக் கேட்கிறீர்கள். மேடம் என்று கூப்பிடச் சொன்னார்கள். என் வாயில் கண்ணு என்றுதான் வருகிறது, கோபித்துக்கொள்ளாதீர்கள். முதலில் அந்த நாற்காலியில் உட்காருங்கள். நீங்கள் நிற்க, நான் உட்கார்ந்து பேசுவது எனக்குக் கூச்சமாக இருக்கிறது. கேட்டதற்கெல்லாம் சொல்கிறேன். ஒளித்துவைக்கிற அளவுக்கு இதில் பெரிதாக ஒன்றும் இல்லை.

என் பெயர் ராமக்கா. பென்னாகரத்தில் பஸ் ஸ்டாண்டிலிருந்து சந்தைக்குப் போகிற வழியில் எங்கள் கடை. புது நகை செய்வதில்லை. பழைய நகையைப் பெரிதாக்குவது, சிறிதாக்குவது, அறுந்ததைப் பற்றவைப்பது, மெருகு போடுவது, இவ்வளவுதான். என் வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டிருந்த வேலை. அவர் போன பிறகு அவருடைய குறடும் சுத்தியும் என் கைக்கு வந்தன.

பழைய நகை என்றால் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒருத்தி கையில் இருந்தது இன்னொருத்தி கைக்கு வருகிறது. இரண்டு கையும் ஒரே அளவாக இருப்பதில்லை. அந்த வித்தியாசத்தில்தான் எங்கள் பிழைப்பு. ஏரியூரிலிருந்து ஓர் அம்மா தன் வளையலோடு வருவாள். "மருமவளுக்குப் பத்தலைங்க, கொஞ்சம் அகட்டிக் குடுங்க" என்பாள். மருமகளுடைய கை தன் கையைவிடப் பருமன் என்று நாலு பேர் முன்னால் சொல்வதில் அவளுக்கு ஒரு சந்தோஷம். நானும் இரண்டு தரம் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்வேன், அவள் இன்னொரு தரம் சொல்லிக்கொள்ளட்டும் என்று.

சிறிதாக்க வருகிறவர்கள் வேறு மாதிரி. வளையல் கழல்கிறது என்று யாரும் சத்தமாகச் சொல்லமாட்டார்கள். கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு, "மெலிஞ்சுடுச்சுங்க" என்பார்கள். பிறகு ஒவ்வொன்றாக வெளியே வரும். சர்க்கரை, வயிற்றுவலி, பெங்களூரில் இருக்கிற மகன் போன் எடுப்பதில்லை. டாக்டரிடம் போவதற்கு முன்னால் என்னிடம் சொல்லிவிடுவார்கள். ஒரு வளையல் நழுவினால் மனிதர்கள் எவ்வளவு சீக்கிரம் பயந்துவிடுகிறார்கள் என்பதை அந்தக் கடையில் உட்கார்ந்துதான் நான் தெரிந்துகொண்டேன். அப்போது அது எனக்கு ஒரு செய்தி, அவ்வளவுதான்.

சோபனா என் தங்கை. எனக்குப் பிறகு பிறந்தவை தங்காமல் போய், வெகுகாலம் கழித்து வந்தவள். நான்தான் வளர்த்தேன் என்று சொன்னால் அவளுக்குப் பிடிக்காது, அதனால் சொல்லமாட்டேன். கடையின் முன்பாதியில் அவளுடைய தையல் மெஷின். பின்பாதியில் என் பட்டறை. அவள் கழுத்தில் எந்நேரமும் இஞ்சு டேப்பு தொங்கும். நல்ல உடம்பு. சிரித்தால் மெஷினும் சேர்ந்து ஆடும். கடைக்கு வந்தவர்களில் பாதிப்பேர் அவள் வாயைக் கேட்கத்தான் வந்தார்கள். சும்மா வந்ததற்கு வெட்கப்பட்டு ஒரு தோட்டைப் பற்றவைத்துக்கொண்டு போனார்கள்.

கல்யாணம் ஆகவில்லையா என்று கேட்கிறீர்கள். வரன் வராமல் இல்லை. வந்தபோதெல்லாம் ஏதாவது ஒன்று குறுக்கே வந்தது. அதை இப்போது கிளற வேண்டாம். நாற்பதைத் தாண்டிய பிறகு அவளே அந்தப் பேச்சை விட்டுவிட்டாள். நாங்கள் இரண்டு பேரும் நன்றாக இருந்தோம்.

பூவரசன் போன வருஷம் கார்த்திகையில் வந்தார். ஒகேனக்கலில் மீன் வறுவல் கடை வைத்திருக்கிறார். மனைவி இறந்து சில வருஷங்கள் ஆகின்றன. மகள் கவிப்பிரியா தர்மபுரியில் காலேஜில் படிக்கிறாள். மனைவியுடைய பிரேஸ்லெட்டின் கொக்கி அறுந்துவிட்டது, மகளுக்குப் போடச் சரிபண்ண வேண்டும் என்று கொண்டுவந்தார். கண்ணி கண்ணியாகக் கோத்த பழைய வேலை. நடுவில் ஒரு குட்டி மீன் தொங்கும். அந்த அம்மாளே அதைப் பழசாகத்தான் வாங்கியிருந்தாளாம். அந்த மீனை முதன்முதலில் யாருக்காக யார் செய்தார்களோ, தெரியாது. செதில் செதிலாக நல்ல கைவேலை.

நான் உள்ளே பற்றவைக்க வெங்காரம் குழைத்துக்கொண்டிருந்தேன். வெளியே சோபனா ஆரம்பித்துவிட்டாள்.

"என்னாங்க மீன்காரரே, கொக்கி எப்படி அறுந்துச்சு? பெரிய மீனா?"

"இதுல மாட்டுனது மீனு இல்லீங்க."

"பின்ன?"

"மாட்டிக்கிட்டவனுக்குத்தாங்க தெரியும்."

சொல்லிவிட்டு அவருக்குக் காது சிவந்துவிட்டது. அந்த வயதில் காது சிவக்கிற ஆண்பிள்ளையை நான் பார்த்ததில்லை. சோபனாவும் பார்த்ததில்லை போலிருக்கிறது. மெஷின் கொஞ்ச நேரம் ஓடவில்லை.

கொக்கி சரியாகி வெகுநாள் ஆன பிறகும் அவர் சந்தை நாள்தோறும் வந்தார். சட்டை தைக்க என்றார். பெண்கள் ஜாக்கெட் தைக்கிற கடையில் சட்டை தைக்கக் கொடுக்கிற மனிதரை என்ன சொல்வது. வரும்போது வாழையிலையில் சுற்றி வறுத்த மீன் கொண்டுவருவார். எங்கள் வீட்டில் மீன் ஆகாது. சோபனா பின்கட்டுப் படியில் உட்கார்ந்துகொண்டு, "அக்கா, மூக்கப் புடிச்சுக்க, ஒரே நிமிசம்" என்பாள். முதலில் ஒவ்வொரு முள்ளாகக் கையால் எடுத்து வைத்தாள். பொங்கலுக்குள் முள்ளை வாயிலேயே பிரித்து உதட்டோரத்தில் தள்ளக் கற்றுக்கொண்டாள். அப்போதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. இந்த வயதில் ஒருத்தி மீன் முள் எடுக்கப் பழகுகிறாள் என்றால், அவள் போகப்போகிறாள்.

மாசியில் அவர் முறையாக வந்து கேட்டார். வெள்ளை வேட்டி, ஒரு சீப்பு பழம். "எனக்குன்னு பெருசா ஒண்ணும் இல்லீங்க. வூடு சொந்த வூடு. சோபனா ஒத்துக்கிட்டாங்க. நீங்க சரின்னு சொன்னா ஆவணியில வெச்சுக்கலாங்க" என்றார். மகளுக்கும் சம்மதமாம், அந்தப் பெண்ணே பிரேஸ்லெட்டைக் கொடுத்துவிட்டிருந்தாள். சித்தி போட்டுக்கொள்ளட்டும் என்று.

நான் சந்தோஷம் என்றேன். காபி கலந்து கொடுத்தேன். சாதி வேறு, வயது ஆகிவிட்டது, ஊர் சிரிக்கும் என்று ஒரு வார்த்தை என் வாயிலிருந்து வரவில்லை. வந்திருந்தால் சோபனா அன்றைக்கே பஸ் ஏறியிருப்பாள். அவளை எனக்குத் தெரியும். வேண்டாம் என்றால் வேகமாகப் போவாள்.

பிரேஸ்லெட் அவள் கைக்கு அச்சாகப் பொருந்தியது. நான் ஒரு கண்ணியைக்கூடத் தொட வேண்டியிருக்கவில்லை.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. இறந்துபோன மூத்த மனைவியுடைய நகையை இரண்டாவதாக வருகிறவள் போட்டுக்கொள்வதானால் அதை உருக்கிச் செய்ய வேண்டும். உருக்க மனசில்லை என்றால் தீயிலாவது காட்ட வேண்டும். மீனை உருக்கக் கூடாது என்று கவிப்பிரியா சொல்லிவிட்டாள். அதனால் தீயில் காட்டிக் கொடுக்கச் சொன்னார்கள். அவர்கள் கண் முன்னாலேயே காட்டிக் கொடுத்தேன்.

பங்குனியில் ஒரு நாள் சோபனா அதைக் கழற்றி என் பட்டறைப் பலகையில் வைத்தாள். கண்ணிக்குள்ளெல்லாம் மெஷின் எண்ணெயும் நூல் பிசிறும் அடைந்திருந்தன. பூந்திக்கொட்டைத் தண்ணீரில் ஊறப்போட்டுத் தேய்த்துக் கழுவினேன். பளபளவென்று வந்தது. அன்றைக்கு ஒரு கண்ணி சேர்த்தேன்.

ஏன் என்று கேட்கிறீர்கள். கோடை வருகிறதே, கை வீங்கினால் இறுக்கும், கொஞ்சம் தாராளமாக இருக்கட்டும் என்று நினைத்தேன். நான் நினைத்தது அதுதான். நினைத்ததைத்தானே உங்களிடம் சொல்ல முடியும். தங்கமும் யாருடையதும் இல்லை, என்னுடையது. வீட்டுக்காரர் போன பிறகு கழற்றிப் பெட்டியில் போட்டிருந்த என் தாலிக்கொடியிலிருந்து வெட்டி, கம்பி இழுத்து, வளைத்து, பற்றவைத்தேன். பழைய தங்கத்தோடு பழைய தங்கம், நிறம் ஒத்துப்போனது. இவ்வளவு நல்ல வேலையை யாரிடமும் காட்டிக்கொள்ள முடியவில்லை என்பதில் எனக்கு அப்போது கொஞ்சம் வருத்தம்கூட இருந்தது.

முதலில் அவளுக்கு ஒரே குதூகலம். "அக்கா, பாரேன். இளைச்சுட்டேன்" என்று கையை ஆட்டிக் காட்டினாள். கல்யாணப் பெண் இளைத்துவிட்டாள் என்று கொண்டாட அன்றைக்கு நாலு போண்டா கூடுதலாகச் சாப்பிட்டாள். அடுத்த தரம் கழுவக் கொடுத்தபோது இன்னொரு கண்ணி. பிறகு இன்னொன்று. கொக்கி போட்டபடியே பிரேஸ்லெட் கையை விட்டு இறங்கத் தொடங்கியது. அரிசி களைகிற தண்ணீரில் விழுந்தது. யாருடைய ஜாக்கெட் துணிக்குள்ளோ விழுந்து, தேடு தேடு என்று தேடினோம். ஒரு தரம் தர்மபுரி பஸ்ஸில் விழுந்து ஒரு பள்ளிக்கூடப் பையன் எடுத்துக் கொடுத்தான்.

சோபனா முட்டாள் இல்லை. தையல்காரி. டேப்பை எடுத்து மணிக்கட்டைச் சுற்றினாள். டேப்பு பழைய அளவையே காட்டியது. புது டேப்பு வாங்கிவந்து சுற்றினாள். அதுவும் அதையே காட்டியது. என் பலகைக்கு எதிரில் வந்து உட்கார்ந்துகொண்டாள்.

"அக்கா, டேப்பு அப்படியேதான் காட்டுது. இது மட்டும் கழலுது. எதை நம்பறது?"

"நீதான் அளவெடுக்கறவ. நீயே சொல்லு."

"டேப்புன்னா துணி. வேர்வை பட்டுச் சுருங்கும். இப்ப வர்றதெல்லாம் டூப்ளிகேட்டு வேற. தங்கம் நீளுமா அக்கா?"

என் கையில் அப்போது கம்பி இழுக்கிற குறடு இருந்தது. ஒரு குன்றிமணித் தங்கத்தைக் கம்பியாக இழுத்தால் எங்கள் கடையிலிருந்து பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போகும். உலகத்தில் நீளுகிற பொருள் என்று ஒன்று இருந்தால் அது தங்கம்தான். அந்தப் பட்டறைச் சத்தத்திலேயே வளர்ந்தவள், என் எதிரில் உட்கார்ந்து அதைக் கேட்கிறாள்.

"நீளாது" என்றேன்.

இந்த விவகாரம் முழுவதிலும் நான் சொன்ன பொய் அது ஒன்றுதான். வேண்டுமானால் எழுதிக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் அவர்களாகவே சொல்லிக்கொண்டது.

இண்டூரிலிருந்து ஜாக்கெட் தைக்க வருகிற செல்லி என்று ஒருத்தி இருக்கிறாள். வாய் கொஞ்சம் நீளம். பிரேஸ்லெட் நழுவி மெஷின் மேல் விழுந்ததைப் பார்த்துவிட்டு, "தீயில காட்டுனீங்களாடி?" என்றாள்.

"காட்டியாச்சு."

"சரியாக் காட்டல. மூத்தவ மனசாரக் குடுக்கல. அவதான் கழட்டறா."

"போடி, பொழுதுபோகாதவளே" என்று சோபனா அவளைச் சிரித்து அனுப்பினாள். ஆனால் அன்று சாயங்காலம் என்னிடம் வந்து, "அக்கா, மறுபடி ஒருக்கா தீயில காட்டிடேன்" என்றாள். காட்டுகிறேன் என்றேன். காட்டினேன். தீயில் காட்டாமல் கண்ணியைப் பற்றவைக்க முடியுமா. ஒவ்வொரு தரமும் அவள் காட்டிவிட்டாயா என்று கேட்டாள், நான் காட்டிவிட்டேன் என்றேன். ஒவ்வொரு தரமும் அது உண்மை.

அதற்குப் பிறகு அவள் மீன் சாப்பிடுவதை நிறுத்தினாள். "மூத்தவங்க கைப்பக்குவத்துல அவரு கத்துக்கிட்டதாம் அக்கா. நான் திங்கறது அவங்களுக்குப் புடிக்கல போல" என்றாள். தூங்கும்போது இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு தூங்கினாள். பார்க்கப் பாவமாக இருந்தது. மிளகு தட்டிப் போட்டுப் பால் காய்ச்சிக் கொடுத்தேன்.

வைகாசியில் அவளே பிரேஸ்லெட்டை ஒரு மஞ்சள் துணியில் முடிந்து பூவரசனிடம் திருப்பிக் கொடுத்தாள். சங்கதி அதோடு முடிந்தது என்று நான் நினைத்தேன். உண்மையாகவே நினைத்தேன். அவர் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "இது கெடக்குது வுடுங்க. நீங்க வெறுங்கையோட வாங்க. எனக்குக் கைதாங்க வேணும்" என்றார்.

அவ்வளவு நாள் கழித்து சோபனா சிரித்தாள். மெஷின் ஆடியது. அன்று ராகிக் களியும் கீரையும் இரண்டு தரம் போட்டுக்கொண்டாள்.

அதனால்தான் வளையல்.

எங்கள் அம்மா ஆளுக்கொரு ஜோடி கொடுத்துவிட்டுப் போனாள். சோபனா அவற்றைக் கழற்றுவது வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக்கொள்ளும்போது மட்டும்தான். கழற்றி மாடத்தில் வைத்துவிட்டுப் போவாள். தலைக்குச் சீயக்காய் போட்டு அலசி முடிக்கிற நேரம் எனக்குப் போதும். வளையலைக் கூம்புக் கட்டையில் மாட்டி மரச்சுத்தியால் நாலு பக்கமும் மெதுவாகத் தட்டினால் நூலளவு அகலும். ஒரு நூல்தான். குளியலறைக்குச் சுத்திச் சத்தம் கேட்கும். "வெள்ளிக்கிழமைகூட வேலையா அக்கா?" என்று உள்ளிருந்து குரல் கொடுப்பாள். அவசர வேலை கண்ணு என்பேன்.

இந்த முறை மூத்தவள் மேல் பழி போட வழியில்லை. இது அம்மாவின் வளையல். அம்மா கடைசிக் காலத்தில் வளையலை முழங்கை வரைக்கும் ஏற்றிவிட்டுக்கொண்டு படுத்திருந்ததைச் சோபனா சின்னப் பெண்ணாக இருந்தபோது பார்த்திருக்கிறாள். ஒரு வெள்ளிக்கிழமை ஈரத்தலையோடு வந்து என் முன்னால் கையைத் தொங்கவிட்டாள். இரண்டு வளையலும் விரல் கணுவில் வந்து நின்றன.

"அம்மாவுக்கு வந்ததுதானே அக்கா?"

நான் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. தலையைத் துவட்டிவிட்டேன்.

தர்மபுரியில் டாக்டரிடம் நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். ரத்தம், சிறுநீர், ஸ்கேன், எதையும் விடவில்லை. ஒன்றும் இல்லை என்றார். ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொன்னால் நம் பக்கத்தில் அதற்கு என்ன பொருள் என்று உங்களுக்கே தெரியும். வாய்விட்டுச் சொல்லக்கூடிய வியாதி இல்லை என்று பொருள். திரும்பி வருகிற பஸ்ஸில் அவள் என் தோளில் சாய்ந்துகொண்டு வந்தாள். சின்ன வயதுக்குப் பிறகு அவள் அப்படிச் சாய்ந்ததில்லை. எனக்கு மனசு நிறைந்துவிட்டது.

பூவரசனை வர வேண்டாம் என்று போனில் சொல்லிவிட்டாள். "ஒருத்தியக் கட்டி ஆஸ்பத்திரிக்கு அலைஞ்சது போதாதா அவருக்கு? இன்னொருத்திக்குமா அலையணும்?" என்றாள் என்னிடம். ஒகேனக்கலில் ஆடித் தண்ணீர் வந்து கடையெல்லாம் மூடிக் கிடந்த நேரம் அது. அப்படியும் அவர் வந்து வாசலில் நின்றார். இவள் கதவைத் திறக்கவில்லை. நான்தான் மோர் கொடுத்து அனுப்பினேன்.

பிறகு அவள் சாப்பிடுவது குறைந்தது. களி போய்க் கஞ்சி, கஞ்சி போய்க் கஞ்சித் தண்ணீர். ஆடிக் கடைசியில் நான் கட்டையை எடுப்பதை நிறுத்திவிட்டேன். தேவைப்படவில்லை. கை தானாகவே வேலையைப் பார்த்துக்கொண்டது. டேப்பும் இப்போது ஒத்துக்கொண்டது. "பார்த்தியா அக்கா, டேப்புக்கு இப்பத்தான் புத்தி வந்திருக்கு" என்று படுத்தபடியே கிண்டல் செய்தாள். கிண்டலை மட்டும் அவள் விடவே இல்லை.

அந்த நாட்களைப் பற்றி உங்களிடம் எப்படிச் சொல்வது. தப்பாக எடுத்துக்கொள்வீர்கள். ஸ்பூனால் ஊட்டினேன். தலை வாரிப் பின்னினேன். மத்தியானம் கடையைச் சாத்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன், அவள் என் விரலைப் பிடித்துக்கொள்வாள். வீடு அமைதியாக இருந்தது. மீன் வாடை இல்லை.

இப்போது பூவரசன் விஷயத்துக்கு வருகிறேன். மகளுடைய காலேஜ் செலவுக்காக அந்தப் பிரேஸ்லெட்டைத் தர்மபுரியில் ஓர் அடகுக் கடைக்குக் கொண்டுபோயிருக்கிறார். தராசில் வைத்ததும் எடை கூடுதல். இங்கேதான் நான் சறுக்கினேன். அந்த நகை வருஷாவருஷம் அடகுக்குப் போய் வந்த நகை. நம் ஊரில் பிள்ளையின் நட்சத்திரத்தை மறந்துபோகிறவர்கள் உண்டு, அடகு நகையின் எடையை மறந்தவர்கள் கிடையாது. அது எனக்குத் தோன்றவில்லை.

வேறு ஆளாக இருந்தால் கண்ணி சேர்த்த அளவுக்கு உள்பக்கத்தில் அரத்தால் ராவி எடையைச் சமன் செய்திருப்பார்கள். யாருக்கும் தெரிந்திருக்காது. எனக்கு அந்த எண்ணமே வரவில்லை. அடுத்தவர் நகையில் ஒரு பொடி எடுத்து எனக்குப் பழக்கம் இல்லை. நான் நேர்மையாக இருந்ததால்தான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள்.

கடைக்கு வந்து பலகை மேல் பிரேஸ்லெட்டை வைத்தார்.

"எடை கூடுதுங்க அக்கா."

"நல்லதுதானுங்களே."

"தங்கம் குட்டி போடுமாங்க?"

"மீனு இருக்குதுல்லீங்க. போட்டிருக்கும்."

அவர் சிரிக்கவில்லை. கண்ணிகளை விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டே இருந்தார். "அவங்க கை மெலியலீங்க. நீங்க இதப் பெருசாக்கியிருக்கீங்க" என்றார். குரல் உயரவில்லை. நான் ஒரு தோட்டில் பொடி வைத்து ஊதிப் பற்றவைத்துக்கொண்டிருந்தேன், ஊதி முடித்தேன். அவர் அதற்குள் வெளியே போய்விட்டார்.

சோபனாவை அதற்கு முன்னாலேயே ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம், கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. நேராக அவளிடம் போய்ச் சொல்லியிருக்கிறார். பக்கத்துக் கட்டில்காரி எனக்கு அப்படியே ஒப்பித்தாள். சோபனா சிரித்தாளாம். "தங்கத்த எடுத்துட்டாங்கன்னு சொன்னாக்கூட யோசிக்கலாங்க. யாராச்சும் சேப்பாங்களா? நான் பொழச்சு வரணும்னு நீங்க எதையோ சொல்றீங்க" என்றாளாம். அப்படியே இருந்தாலும் இந்த வளையல் எப்படிக் கழல்கிறது, இதையும் எடை போட்டுப் பார்த்து வாருங்கள் என்று கழற்றிக் கொடுத்திருக்கிறாள். அவரும் ஓடிப்போய் எடை போட்டார். அம்மா கொடுத்த நாளில் இருந்த அதே எடை. தட்டி அகட்டினால் எடை மாறாது என்று மீன் கடைக்காரருக்கு எப்படித் தெரியும். திரும்பி வந்து வளையலைக் கட்டில் மேல் வைத்துவிட்டு அழுதாராம். அழுதுவிட்டுத்தான் உங்களிடம் வந்திருக்கிறார்.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கண்ணி சேர்த்தது நான்தான். வளையலை அகட்டியது நான்தான். அவள் பயப்படுவாள் என்று தெரிந்துதான் செய்தேன். சாப்பாட்டை நிறுத்துவாள் என்பது தெரியாது, நிறுத்திய பிறகு தெரிந்தது. எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள், போடுகிறேன். எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. உங்களுக்கும் வேலை சுலபமாக முடியட்டும்.

ஆனால் நீங்கள் கேட்கிற இன்னொன்று என்னால் ஆகாது.

டாக்டர் சொன்னதை நானும் கேட்டேன். உடம்பில் வியாதி இல்லை, சாப்பிட்டால் எழுந்துவிடுவாள், இப்படியே விட்டால் இதயம் தாங்காது, நாளை எண்ணிக்கொள்ள வேண்டியதுதான். அவள் யார் சொன்னாலும் நம்பவில்லை. டாக்டர் ஏமாற்றுகிறார் என்கிறாள், பூவரசன் ஆசையில் பேசுகிறார் என்கிறாள், நீங்கள் இந்த உடையில் போய்ச் சொன்னபோதும் மரியாதைக்குத் தலையாட்டினாளாம். அவள் நம்புகிற வாய் ஒன்றே ஒன்றுதான். நான் போய், உனக்கு ஒன்றுமில்லை, எல்லாம் நான் செய்தது என்று என் வாயால் சொன்னால் அவள் கஞ்சியைக் கையில் வாங்குவாள். அதற்காகத்தான் வாசலில் ஜீப்பை நிறுத்தி வைத்திருக்கிறீர்கள்.

யோசித்துப் பாருங்கள் கண்ணு. நீங்கள் சின்னவர், கூடப் பிறந்தவர்கள் உங்களுக்கும் இருப்பார்கள். படுத்துக்கிடக்கிற ஒருத்தியிடம் போய் அப்படி ஒரு வார்த்தையைச் சொல்லலாமா. சாப்பிடுவாள், சரி. எழுந்து நடப்பாள். ஒகேனக்கல் பஸ்ஸில் ஏறி உட்காருவாள். அதற்குப் பிறகு அக்கா என்று நினைத்துக்கொள்ள அவளுக்கு ஓர் ஆள் இருக்கமாட்டாள். இத்தனை வருஷமும் பொய் என்று ஆகிவிடும். அந்த வேதனையைக் கொடுத்து அவளை வாழவைக்க என்னால் முடியாது. நான் அவ்வளவு கல்நெஞ்சக்காரி இல்லை.

ஆஸ்பத்திரிக்கு வேண்டுமானால் வருகிறேன். நீங்கள் பக்கத்திலேயே நில்லுங்கள். நான் உட்கார்ந்ததும் அவள் என் விரலைப் பிடித்துக்கொண்டு, அம்மாவுக்கு வந்ததுதானே அக்கா என்று மறுபடியும் கேட்பாள். இந்தத் தடவை பேசாமல் இருக்கமாட்டேன். ஆமாம் சாமி, அதுதான் என்று சொல்லி நெற்றியைத் தடவிக் கொடுப்பேன். பாவம், ஆறுதல் சொல்ல அவளுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்.